ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடும் கல்வி

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் இயற்பெயர் முதுகுன்றம். பழமலை என்பதும் அவ்வூர்க்கு வழங்கிய பெயரே. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடியது முதுகுன்றத்தைத்தான். பின்வந்தோர் 'முது' என்பதை 'விருத்த' என்றும், 'குன்றம்' என்பதை 'அசலம்' என்றும் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டனர். பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார். பெரியநாயகி விருத்தாம்பிகை ஆனாள். மணிமுத்தாறு மட்டும் எப்படியோ தப்பியது. இன்று அவ்வூர்ப் பள்ளிப்பிள்ளைகளுள் தாம் வாழ்வது முதுகுன்றத்தில் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

ஒரு பெயர்க்காக இத்துணைப் பேச்சு எதற்கு என்பார் உளர். அவர்கட்கு ஒரு செய்தி. சீனத்தில் சிங்தெச்சென் என்னும் நகர்க்கு அருகில் கவோலிங் என்றொரு சிற்றூர் உண்டு. 'உயர்ந்த மேடு' என்பது அப்பெயரின் பொருள். அங்கு வெட்டிய வெண்களிமண்ணைக் கொண்டு சீனர் செய்த கலங்கள் உலகையே மயக்கின. 1712-இல் அங்கிருந்த பிரெஞ்சுக் கிறித்தவத் துறவி ஒருவர் அத்தொழிலின் நுட்பங்களை மடல் வழியே தம் நாட்டார்க்கு எழுதினார். பின்னர் அம்மண்ணுக்கு உலகெங்கும் 'கயோலின்' என்னும் பெயரே நிலைத்தது. ஆங்கிலேயனாயினும் செருமானியனாயினும், சீனத்து மேடொன்றின் பெயரைச் சொல்லாமல் அத்தொழிலுக்கு நூல் எழுத இயலாது. தொழிலைத் தன் மொழியில் வைத்திருந்தவன் உலகிற்குச் சொல் கொடுத்தான். தன் குன்றின் பெயரையே கைவிட்டவனோ பிறர் சொல்லை நெட்டுருச் செய்துகொண்டிருக்கிறான்.

முதுகுன்றத்தில் மண்ணுக்குக் குறைவில்லை. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்பொழுது அதன் மேற்படுகைகளில் களிமண்ணும் கிடைக்கிறது. முதுகுன்றத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. (பீங்கான் என்பதும் பாரசீக வழி வந்த சொல்லே. மக்கள் வாயில் ஊறிவிட்ட அதனை எடுத்தெறிய இது நேரமன்று. எடுத்தெறிய வேண்டியவை வேறு உள.) பாவை பொம்மைகள், அகல்விளக்குகள், குவளைகள், மின்காப்புக் கலங்கள் எனப் பலவும் அங்குச் சூளையேறுகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்திற்கென்றே பட்டயம் அளிக்கும் அரசுப் பயிலகமும் அவ்வூரிலேயே உண்டு. மண்ணும் சூளையும் பள்ளியும் பயிலகமும் ஒருங்கே வாய்த்த ஊர் தமிழகத்தில் வேறு எத்தனை?

அத்தொழில் வெறுங் கைவேலை என்று கருதுவோர் ஒரு குவளை உருவாகும் முறையை நின்று பார்க்கட்டும். களிமண், படிகக்கல் மாவு, பெல்சுபார் எனப்படும் கல்மாவு ஆகிய மூன்றையும் அளவறிந்து கலந்து நீர்க்குழம்பாக்குகின்றனர். அதனைப் பாரிசுச் சாந்தால் ஆன அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் தோல் போலப் படிகிறது. வேண்டிய தடிப்பு ஏறியதும் மிகுந்த குழம்பை வடித்துவிடுகின்றனர். உலர்ந்த கலத்தை ஒருமுறை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் தோய்த்து மீண்டும் சுடுகின்றனர். நல்ல பீங்கானுக்குச் சூளையின் வெப்பம் 1,200 பாகையையும் தாண்ட வேண்டும். இதில் வேதியியல் உண்டு, இயற்பியல் உண்டு, கணக்கும் உண்டு. பூச்சில் சிலபொழுது மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். அதனைச் சூளைத் தொழிலாளியின் மகள் அறிவாள். எந்தக் கலவையில் மிகுதியாக ஓடும் என்பதையுங்கூட அறிவாள். கலத்தின் உடலும் பூச்சும் ஆறும்பொழுது வெவ்வேறு அளவில் சுருங்குவதே அதன் கரணியம் என்பதைப் பாடநூல் சொல்கிறது. அவளுடைய வினா தமிழில் இருக்கிறது. விடையோ ஆங்கிலத்தில் கிடக்கிறது.

கல்வித்துறையார் அண்மைக் காலமாக 'நெகிழ்வுக் கல்வி' என்றும் 'மாற்றுக் கல்வி' என்றும் மிகுதியாகப் பேசுகின்றனர். ஒரே மணி, ஒரே வேகம், ஒரே தேர்வு என்னும் கட்டு எல்லாப் பிள்ளைகட்கும் பொருந்தாது என்பது அவர் கூற்று. அது மெய்தான். கரும்பு வெட்டவும் செங்கற்சூளையில் மண்ணறுக்கவும் குடும்பத்தோடு ஊர் விட்டு ஊர் போகும் பிள்ளை, திரும்பி வரும்பொழுது வகுப்பு நெடுந்தொலைவு போயிருக்கும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை உண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியதால் பட்டறைக்குப் போன பையன் உண்டு. இவர்கட்கு வேறு வாயில்கள் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமே, பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை அகவைக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்கிறது. பயிற்றுமொழி இயன்ற வரை பிள்ளையின் தாய்மொழியாகவே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முன்னதை மேடைதோறும் எடுத்துரைப்பவர்கள் பின்னதை ஏன் விழுங்கிவிடுகின்றனர்?

நெகிழ்வு என்னும் சொல்லுக்குள் நன்மையும் ஒளியலாம், நஞ்சும் ஒளியலாம். தமிழகம் அதனைப் பட்டறிந்திருக்கிறது. 1952-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரான இராசகோபாலாச்சாரியார் அடுத்த ஆண்டில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகட்குக் கொண்டுவந்த திட்டமும் ஒரு நெகிழ்வுக் கல்விதான். பள்ளி நேரம் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றனர். பிள்ளைகள் இரு முறையாகப் பிரிந்து வருவதால் கூடுதல் கட்டடமும் கூடுதல் ஆசிரியரும் இன்றியே மிகுதியானவர்க்குக் கல்வி தரலாம் என்பது அரசின் கணக்கு. கணக்கு நேராகத்தான் இருந்தது. வேட்கோவரின் பிள்ளை பிற்பகலில் திகிரி சுற்றும். உழவரின் பிள்ளை ஏர் பிடிக்கும். வழக்கறிஞரின் பிள்ளை என்ன செய்யும்? அப்பிள்ளை நகரத்தில் இருந்தது. திட்டமோ ஊர்ப்புறத்திற்கு மட்டுமே உரியது! எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வி என்றனர். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தி.மு.க.வினரும் களம் இறங்கினர். 1954-இல் இராசகோபாலாச்சாரியார் விலகினார். ஏப்பிரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டே திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அத்திட்டத்தின் கேடு பிள்ளையின் கையில் மண் ஒட்டியதில் இல்லை. மண் ஒட்டிய கை மேலே ஏறுவதற்கு ஒரு படியும் வைக்கப்படவில்லை என்பதே கேடு.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே அடுப்பில் அதே உலை வேறு பெயரில் ஏறியது. 2023 செப்டம்பரில் நடுவணரசு 'விசுவகர்மா' என்னும் பெயரில் கைத்தொழிலாளர்க்கு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் அடங்கிய 18 தொழில்களுள் மட்கலத் தொழிலும் ஒன்று. வழிவழியாகக் குடும்பத் தொழில் செய்வோர்க்கே அது உரியது. பதினெட்டு அகவையிலேயே சேரலாம். கல்லூரி வாயிலில் நிற்க வேண்டிய அகவையில் ஓர் இளைஞனிடம் 'உன் தந்தை என்ன தொழில் செய்தார்?' என்று கேட்டுக் கருவியும் கடனும் கொடுப்பதற்கு என்ன பெயர்? குறைந்த அகவையை 35 ஆக உயர்த்துக, குடும்பத் தொழில் என்னும் கட்டை நீக்குக என்று தமிழ்நாட்டரசு 2024 நவம்பரில் மடல் எழுதி, அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. 2025-இல் பிறப்புக் கட்டின்றி, 35 அகவை கடந்தோர்க்கெனத் தானே வேறொரு கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அம்மறுப்பு சரியானது. அதனைச் செய்தவரைப் பாராட்டத் தயங்க வேண்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டின் நடுவண் கல்விக் கொள்கை இன்னும் ஒருபடி போகிறது. மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இணையான படிப்புகளைத் திறந்தநிலைப் பள்ளி வழியே தரலாம் என்கிறது அது. எட்டு அகவைப் பிள்ளைக்குத் திறந்தநிலைப் பள்ளியா? அப்பிள்ளைக்குக் கதவு திறக்கப்படவில்லை. கதவுக்கு வெளியே விடப்படுகிறது.

இத்தனையும் கண்டு சூடுபட்ட தமிழியக்கத்தாருள் சிலர், 'மாற்றுக் கல்வி' என்னும் சொல் காதில் விழுந்த அளவிலேயே 'குலக்கல்வி! குலக்கல்வி!' என்று முழங்கத் தொடங்கிவிடுகின்றனர். இது சோம்பலான எதிர்ப்பு. கரும்புக் காட்டிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு அம்முழக்கம் ஒரு வேளைப் பாடமும் சொல்லிக் கொடுப்பதில்லை. நல்ல நெகிழ்வு எப்படி இருக்கும் என்பதற்கும் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்து இரிசிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவியது அது. 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. பிள்ளை தன் ஏணியில் தான் நிற்கும் படியைத் தானே அறிந்து அட்டையை எடுத்துப் படித்தது. ஒரு திங்கள் வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளையும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். கரும்பலகை பிள்ளையின் தோளளவுக்கு இறங்கி வந்தது. ஆசிரியர்க்குச் சுமை கூடியதும், அட்டைகள் கிழிந்த இடத்தில் புதியன வாராததும் குறைகளே. ஆயினும் அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் தமிழில் இருந்தது. ஆகலின் பிள்ளை தானாகவே ஏற முடிந்தது. கைபிடித்து விளக்க ஒருவர் எப்பொழுதும் உடன் நிற்க வேண்டிய மொழியில் அந்த அட்டைகளை அச்சிட்டிருந்தால் 'தானே கற்றல்' என்பதே பொய்யாகியிருக்கும். மொழி புரிந்தால் அன்றோ வேகம் பிள்ளையுடையதாகும்?

பின் என்ன நடந்தது? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. அதற்கு முன்னரே, ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று 1999-இல் பிறந்த அரசாணையை 2000-இல் சென்னை உயர்நெறிமன்றம் அடித்துப் போட்டுவிட்டது. தனியார் பள்ளியில் ஆங்கிலம் விலைபோவதைக் கண்டு அரசும் கடை விரித்தது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே உள்ள கதவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் பூட்டப்பட்டிருக்கக் கண்டவர், திறவுகோலைத் தேடித்தான் ஓடுவர்.

அந்தக் கதவுகளைத்தான் முதுகுன்றத்தில் நின்று எண்ண வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறிய பிள்ளை பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியற் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபொழுதே பள்ளியில் தொழிற்பிரிவும் வந்தது. அதனைப் படித்தவர்க்கும் பொறியியற் கல்லூரியில் குறுகியதோர் ஒதுக்கீடு உண்டு. ஆக, ஏணி இருக்கிறது. தாளில் படிகள் எல்லாம் இருக்கின்றன. 1953-இல் இல்லாத ஏணி இது. குலக்கல்வியை வீழ்த்தியவர்கள் போட்டுக் கொடுத்தது. ஆனால் ஏறிப் பார்த்தால், கீழ்ப்படியில் பயிற்சியாளர் வாய் தமிழாயிருக்கும். நடுப்படியில் வாய் தமிழும் நூல் ஆங்கிலமும் கலந்து தடுமாறும். மேற்படியில் எல்லாமே ஆங்கிலம். களிமண்ணின் பதத்தை விரலால் அறிந்தவன் கீழே நிற்கிறான். அதன் ஆங்கிலப் பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதத் தெரிந்தவன் மேலே போகிறான். படிதோறும் சலிக்கப்படுவது அறிவு அன்று, ஆங்கிலம். குலத்தைச் சொல்லி நிறுத்தினால் சட்டம் கேட்கும்; மொழியைச் சொல்லி நிறுத்தினால் 'தகுதி இல்லை' என்பார்கள். நிற்பவன் என்னவோ அதே வேட்கோவர் மகன்தான்.

அவ்வூர்க் கோயிற் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்று மக்கள் நகைப்பது அதனைத்தான். கதையின் மறுபாதியைப் பலரும் மறந்துவிட்டனர். சுந்தரர் முன்னெச்சரிக்கையாகப் பொன்னில் சிறிது வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதனோடு உரைத்துப் பார்த்தபொழுது மாற்றுக் குறைந்திருந்தது! பாடிய பின்னரே ஒத்து வந்தது. தமிழ்ப்பிள்ளையின் அறிவைத் தமிழ் ஆற்றில் இட்டு ஆங்கிலக் குளத்தில் தேடும் கல்வித்துறை உரைத்துப் பார்ப்பதே இல்லை. மாற்றுக் குறைந்த பொன்னைக் கையில் வைத்துக்கொண்டு 'இவ்வளவுதான் இப்பிள்ளையின் தரம்' என்று மதிப்பெண் போடுகிறது.

'தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுத முடியுமா?' என்னும் பழைய பல்லவி இன்னும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார்; அறுவை மருத்துவ நூலையே தமிழில் அச்சேற்றினார். அயலான் ஒருவன் தமிழ் கற்றுச் செய்ததைத் தமிழர் பல்கலைக்கழகங்கள் வைத்துக்கொண்டு செய்ய இயலவில்லையாம்! செருமனியின் மைசன் நகரில் 1710-இல் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. சீனம் படித்துவிட்டு வாருங்கள் என்று அங்கு எந்தத் தொழிலாளியையும் திருப்பி அனுப்பவில்லை. கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் தமிழியில் கீறப்பட்டுள்ளன. சுட்ட மண்ணின் மேலேயே எழுத்தைப் பொறித்து வைத்த மக்களுக்கு, சுட்ட மண்ணைப் பற்றி எழுத மொழி இல்லையா? வனைதல், பதம், குழம்பு, வார்ப்பு, சூளை, பூச்சு, மெருகு, வெடிப்பு, சுருக்கம் என்று சொற்கள் தொழிற்கூடத்தில் நாள்தோறும் புழங்குகின்றன. நூலுக்குள் ஏற்றத்தான் ஆள் இல்லை.

ஆங்கிலம் வேண்டா என்பதன்று இங்குச் சொல்லப்படுவது. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நன்றாக, பிழையறக் கற்பிக்கட்டும். இன்று அரசுப் பள்ளிகளில் அதுவும் நேராக நடக்கவில்லை. ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழிக்குள் அறிவைச் சிறையிடுவது வேறு.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 ஒதுக்கீடு என்று 2010-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் பின்வாங்கினர். சேர ஆள் இல்லை என்பது அவர்கள் சொன்ன கரணியம். நல்ல நூல்களை ஆக்கித் தராமல், தொழில் நிறுவனங்களைப் பேசி இணங்க வைக்காமல், பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய கடைக்கு ஆள் எப்படி வரும்? தமிழ் மேடைகளில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றி அனுப்பும் அன்பர்களும் அந்த ஆள் குறைவில் பங்குடையவர்களே. அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு அவர்கள் தெருவில் நின்றால் தெரிந்துவிடும்.

முதுகுன்றம் எளிய ஆய்வுக்களம். தொழில் அங்கே, மாணவர் அங்கே, பயிலகமும் அங்கே. பீங்கான் தொழில்நுட்பத்தின் பட்டயப் படிப்புக்குத் தமிழில் முழுமையான பாடநூல் வரிசை வேண்டும். ஆங்கில நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போடும் விருத்தாசல வேலை மீண்டும் வேண்டா. பயிலகத்து ஆசிரியர்கள் தொழிற்பேட்டையின் மூத்த கைவினைஞர்களோடு ஒருங்கிருந்து, புழக்கத்தில் உள்ள சொற்களைத் தொகுத்து எழுத வேண்டும். கைவினைஞர்க்கும் அதற்குச் சம்பளம் தர வேண்டும். பட்டயத் தேர்வு முழுவதையும் தமிழில் எழுதவும், அதன் மேல் பொறியியலைத் தமிழில் தொடரவும் அரசாணை வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பதினான்கு அகவைக்கு மேற்பட்டோர்க்கு மாலை வகுப்பு வேண்டும். அதில் சேர்ந்தவர் எப்பொழுது விரும்பினும் முழுநேரப் பள்ளிக்குத் திரும்பலாம் என்னும் உறுதி எழுத்தில் வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட அகவையினர்க்குப் பள்ளியே இடம், சூளை அன்று. 'உன் தந்தையின் தொழில் யாது?' என்னும் வினா எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் தகுதியை அறுதியிடக் கூடாது. வேட்கோவர் மகள் கணிப்பொறி படிக்கட்டும், வழக்கறிஞர் மகன் திகிரியடியில் உட்காரட்டும். ஆந்திரத்தில் 1991-லும் கேரளத்தில் 1999-லும் மாநிலத் திறந்தநிலைப் பள்ளிகள் எழுந்தன. தில்லியின் திறந்தநிலைப் பள்ளியை எதிர்பார்த்து நிற்காமல், தமிழ்நாட்டரசும் தமிழையே முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒன்றை வலுவாக நடத்திக் காட்ட வேண்டும்.

முதுகுன்றத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள அன்பர்கள் சூனில் பள்ளி திறக்கும் முன்னரே இதற்கான வேலையைத் தொடங்கலாம். ஊர்தோறும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை எடுத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். தொழிற்பேட்டையில் வழங்கும் தொழிற்சொற்களைச் சுவடியில் குறித்து, தொழிலாளரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பயிலகத்து ஆசிரியர்களுள் தமிழில் எழுத விருப்பமுள்ளோரைத் தேடிப் பிடித்து, அந்தச் சுவடியை அவர்கள் கையில் சேர்க்கலாம்.